ஆறு இருக்கை

இந்த மாதக் கூட்டத்தில் கடன் பேச்சு இல்லை,
தையல் மெஷின் பேச்சும் இல்லை.
துர்பதா ஒரு பொட்டலத்தைப் பிரித்துப்
பாயின் நடுவே வைத்தாள்.
சந்திரபூர் ஆபீசுக்கு ஏழு முறை நடந்து வாங்கிய
மாட்டுப் பணத்தில் மிச்சம்.
"புலி தந்த காசு.
போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்றாள்.

முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு பேபிதாய் சிரித்தாள்,
பிறகு எல்லோரும்,
வெற்றிலை புரையேறும் வரை.

காட்டின் ஓரத்தில் இத்தனை வருடம்.
கோடையில் இலுப்பைப்பூ, அது முடிந்தால் பீடி இலை.
நாங்கள் குனிந்திருக்கும்போது
ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நிற்பாள்
தகரத்தைத் தட்டிக்கொண்டு,
கண்ணில் படாதே சாமி என்று.
பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம்,
'அவர்' என்போம்.
மும்பைக்காரர்கள் மூன்று நாள் தங்கி
அவரைக் காணாமல்
முகம் தொங்கத் திரும்பும்போது
எங்களுக்குப் புரிந்ததே இல்லை,
நல்லது நடந்ததற்கு ஏன் அழுகிறார்கள் என்று.

பொருளாளர் நான். எழுதிக்கொண்டேன்.
ஜீப் ஒன்று. வழிகாட்டி ஒருவர். நுழைவுக் கட்டணம்.
சனி ஞாயிறு விலை அதிகம், புதன் போதும்.
பேர், வயது, ஆதார் எண்.
மங்கலா ஆத்ராமுக்கு ஆதாரில் ஐம்பத்தெட்டு,
அவள் கணக்கில் நாற்பத்தொன்பது.
அதிலேயே அரை மணி நேரம் போயிற்று.

பளிச்சென்ற நிறம் உடுத்தக் கூடாதாம்.
குழுவின் சீருடையோ
ஏரிக்கு அக்கரையிலிருந்தே தெரியும் ரோஜா நிறம்.
"துவைத்துத் துவைத்து மண்ணாய்ப் போனது
என்னிடம் ஆறேழு இருக்கிறது,
ஆளுக்கொன்று கட்டுங்கள்" என்றாள் துர்பதா.

யசோதரா கேட்டாள்:
"வரும் வழியில் நாலு சுள்ளி பொறுக்கலாமா?"
ஜீப்பை விட்டு இறங்கவே கூடாது.
"காட்டுக்குப் போய்
வெறுங்கையோடு வருவதா?"

வண்டி ஓட்டுவது பேபிதாயின் மருமகன் ஹரிதாஸ்.
வெளியூர்ப் பெண்களிடம் அவன்
"மேடம், இடது பக்கம் பாருங்கள்" என்பானாம்.
எங்களையும் மேடம் என்றே கூப்பிட வேண்டும்,
அதுவும் கட்டணத்தில் சேர்த்தி.
தீர்மானம் ஒருமனதாக.

ஐந்து பேர் சேர்ந்தோம். இருக்கை ஆறு.

பஞ்ச்புலா அதுவரை வாய் திறக்கவில்லை.
அவள் வீட்டுக்கு வனத்துறை கொடுத்தது
மாட்டுப் பணம் இல்லை.
யாரும் அவள் பக்கம் பார்க்கவில்லை.
மங்கலா பாயில் ஒரு கோரையை உருவினாள்.
நான் கூட்டியதையே மறுபடி கூட்டினேன்.

"நேரே வந்தால் ஓடக் கூடாது" என்றாள் கடைசியில்,
தனக்கே சொல்வதுபோல்.
"கண்ணை எடுக்காமல்
ஒவ்வோர் அடியாய்ப் பின்னால் போகணும்.
அது தெரியும்.
ஜீப்பில் இருந்தால் என்ன செய்யணும்?"

ஒன்றும் செய்ய வேண்டாம் என்றேன்.
உட்கார்ந்திருக்கணும்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான்.

அவள் அதை நெடுநேரம் யோசித்தாள்.
கம்பத்து விளக்கு போய், மறுபடி வந்தது.
"இன்ஜினை நிறுத்துவார்களா?"
நிறுத்துவார்கள்,
புள்ளிமான் கத்துகிறதா என்று கேட்க.
"புள்ளிமான் சும்மாவும் கத்தும்.
மிளா கத்தினால்தான் நிஜம்.
அந்த வழிகாட்டிப் பையனுக்கு
அது தெரியுமா?"

ஆறாவது பேர்: பஞ்ச்புலா.
வயது முப்பத்தாறு. நடு இருக்கை.

புதன்கிழமை, வாசல் திறக்கும் நேரம் காலை ஆறு.
நாலு மணிக்கு எழ வேண்டும்,
அது எப்போதும் எழுகிற நேரம்தான்.
அன்று விழும் பூவெல்லாம் மானுக்கு.
செலவுப் பக்கத்தில் கடைசியாக அதையும் எழுதினேன்:
இலுப்பைப்பூ, ஆறு கூடை.