அரைப்பேர்

எங்கள் கழகத்தின் வரலாறு
பழைய செக்ரோல் ஒன்றின் வெற்றுப் பக்கங்களில் கிடக்கிறது.
முதல் வரி: பந்து ஒன்று,
பூண்டுலோயாக் கடையில், கடனுக்கு.

மைதானம் என்றதும் சிரிக்காதீர்கள்.
தேயிலை பிடிக்காத சரிவு அது.
முதல் பாதி ஏற்றம் என்றால் மறுபாதி இறக்கம்.
பந்து ஆற்றில் விழுந்தால்
எடுத்து வரும்வரை நேரம் ஓடாது,
அது நாங்கள் போட்ட சட்டம்.

லயக்கூரைக்கு வந்த தாரில்
மாச்சாக்குச் சட்டைக்கு இலக்கம் எழுதினோம்.
மழையில் ஒன்பது
அந்தோணிராசுவின் முதுகில் ஒட்டிக்கொண்டது.
கலியாணத்தன்றும் இருந்ததாம்.

இறுதியாட்டம் ஒரு புதன்கிழமை.
காலையில் கவ்வாத்து, மத்தியானம் ஆட்டம்.
பதினொரு பேருக்கும் அரைப்பேர் போட்டார் கணக்குப்பிள்ளை.
வென்றோம்.
கிண்ணத்தில் ஊற்றித் தேத்தண்ணி குடித்தோம்.

எழுபத்து மூன்றில் பாஸ்போட் வந்தது,
முதலில் கீப்பருக்கு,
பிறகு பின்வரிசை மூவருக்கும்.
அவர்கள் தலைமன்னார் ரயிலேறிய மறுநாளும் ஆடினோம்.
செயலாளர் வைரக்கண்ணு எழுதியிருக்கிறார்:
“அவர்கள் பதினொன்று. நாங்கள் ஏழு.”
ஆட்களா, கோல்களா,
விளங்கவில்லை.

அடுத்த பக்கத்தில்
போன நால்வரின் பெயர்கள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே
பென்சிலால் அரைப்பேர்.

போன கிழமை புதுப்பந்து வாங்கினோம்.
அதுவும் கடனுக்குத்தான்.