என்ன வருத்தம்

மல்லாவிச் சங்கக் கடையில்
பதினொரு வருடமாக நான்தான் நிறுக்கிறவள்.
அரிசி, சீனி, பருப்பு, வெங்காயம்.
முள்ளு நடுவில் நிற்கும்வரை
ஒரு பிடி போடுவேன், ஒரு பிடி எடுப்பேன்.
என்னை மட்டும் நிறுத்ததில்லை.
மூட்டைத் தராசு பின்னறையில் கிடந்தது.
அதைக் கடக்கும்போதெல்லாம்
சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொள்வேன்,
அதற்குக் கண் இருப்பது போல.

நூற்றுப் பதினெட்டு என்று கொழும்பில்தான் சொன்னார்கள்.
இப்போது அறுபத்துநாலு.

"உமக்கு என்ன வருத்தம்?"
சாமான் வாங்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள்,
புற்று என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு.
"ஒரு வருத்தமும் இல்லை" என்கிறேன்.
சீனி இறங்கிவிட்டது. ஊசி நிறுத்தியாயிற்று.
துணுக்காய்வரை சைக்கிளில் போய்வருகிறேன்,
முழங்கால் ஒரு சொல்லும் சொல்வதில்லை.
எல்லாம் உண்மை.
சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணுவேன்,
பிழைக்கும்.

காசு, சுவிஸிலிருந்து தம்பி கேதீசன் அனுப்பியது.
வீடியோவில் "ஒருக்கா திரும்பு பாப்பம்" என்கிறான்.
திரும்புகிறேன்.
கையைத் தூக்காமல் திரும்பப் பழகிவிட்டேன்.
தூக்கினால் மேற்கைத் தோல்
கொடியில் போட்ட ஈரத்துணி.

கதலிப்பழமளவு வயிறு விட்டிருப்பதாக டொக்டர் சொன்னார்.
மிச்சத்தை என்ன செய்தீர்கள் என்று அன்றைக்குக் கேட்கவில்லை.
இப்போது கேட்க வேண்டும் போலிருக்கிறது.
எரித்தார்களா, எறிந்தார்களா.
இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோதும்
பக்கத்திலேயே ஒதுங்கி இடம்விட்டுக் கிடந்தது அது.

போன மாதம் ஒரு சாமத்திய வீட்டில்
பாயாசம், இரண்டே மிடறு.
பந்தி முடியமுன் கிணற்றடியில் குந்தியிருந்தேன்,
நெஞ்சு படபடக்க, வேர்த்துக் கொட்ட.
பின்னால் யாரோ சொன்னாள்:
"காசு குடுத்துப் பட்டினி வாங்கினவள்."
பகிடிதான். எனக்கும் சிரிப்பு வந்தது.
சிரித்துக்கொண்டே சத்தியெடுத்தேன்.

இரவில் தவபாலனின் கை
பழைய இடம் தேடி வந்து
எலும்பில் முட்டித் தயங்கும்.
ஒருநாள் அரை உறக்கத்தில் "ஆரது?" என்றான்.
விடிய இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
அவன் மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனான்.

ஒருவருக்கும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
காணி உறுதி தேடியபோது தகரப்பெட்டியில்
முகாம் அட்டை கிடைத்தது.
செட்டிகுளம், இரண்டாயிரத்து ஒன்பது.
கன்னம் ஒட்டி, காறையெலும்பு துருத்தி,
கண் மட்டும் பெரிதாக ஒருத்தி.
கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
அவள்தான்.
வருடக்கணக்காகச் சோறும் சோறுமாய்ப் போட்டு
நான் மூடி வைத்திருந்தவள்.
இலட்சக்கணக்கில் கொடுத்து
வெளியே கூட்டி வந்திருக்கிறேன்.

டொக்டர் விற்றமின் எழுதினார்.
மயிர் கொட்டுவது நிற்கும் என்றார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் முன்பு
மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்து
"மூட்டை அன்ரி, ஒரு தோடம்பழ இனிப்பு" என்பார்கள்.
கோபம் வரும். இரண்டாய்க் கொடுப்பேன்.
இப்போது வெறும் "அன்ரி".
மூட்டை போய்ச் சேர்ந்தாள்.
எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை.
கண்ணீர் அஞ்சலி நோட்டீசு
சந்தியில் ஒட்டவில்லை ஒருவரும்.

நேற்று, வீட்டில் ஆளில்லாத நேரம்,
வாழையிலை ஒன்று வெட்டி
அவளுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தேன்:
குத்தரிசிச் சோறு, வவுனிக்குளத்து விரால் குழம்பு,
முருங்கையிலை வறை, மரவள்ளிப் பொரியல்,
தேத்தண்ணிக் கடையில் வாங்கிய இரண்டு வாய்ப்பன்.
விளக்கும் கொளுத்தினேன். வெட்கமாகி அணைத்தேன்.
காகத்தைக் கூப்பிடவில்லை. நானே இருந்தேன்.
மூன்று வாய்.
நாலாவது, நெஞ்சுக்குழியில் கல்லாய் நின்றது.

தவபாலன் எப்போது வந்தானோ, வாசலில் நின்றான்.
ஒன்றும் கேட்கவில்லை.
கை கழுவி, எதிரே சப்பாணி கட்டி,
அதே இலையில் பிசைந்தான்.

"உப்புக் கொஞ்சம் குறைவு."

"அவளெண்டால்
சரியாய்ப் போட்டிருப்பாள்" என்றேன்.