வலது கையுறை

சுழல் படிக்கட்டு முடிகையில் மூச்சு வாங்குகிறது;
அதற்குள் போர் தொடங்கிவிட்டது.
வெளியே ஜனவரி. இங்கே
எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே செப்டம்பர்,
அதே சேறு, அதே புகை.
ப்ளெவென் மேட்டில்
உழிஞை சூடியவர்கள் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்,
இன்னும் ஏறி முடியவில்லை.
நொச்சிக்காரர்கள் மதிலுக்குள்.

கைப்பிடிக் கம்பிக்கு அப்பால்
நிஜ மண், நிஜக் கூடை, நிஜச் சக்கரம்.
பிறகு, எந்த இடத்தில் என்று சொல்ல முடியாதபடி,
துணியும் சாயமும்.
வண்டியில் பாதி மரம்; மீதி பொய்.
அந்தத் தையலைத் தேடித்தான்
பாதிப் பேர் சீட்டு வாங்குகிறார்கள் என்கிறாள்
காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஸ்னெஜானா.
மீதிப் பேர் கழிப்பறை எங்கே என்பார்கள்.

லோவெச் பள்ளிப் பிள்ளைகள் குதிரைகளை எண்ணுகிறார்கள்.
செத்தவற்றைச் சேர்ப்பதா என்று சண்டை.
எதிர்னேயிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர்
எங்களுக்கு முதுகு காட்டி
மதில் பக்கமே நிற்கிறார்.
அங்கே முகங்கள் மிகச் சின்னவை,
மூக்குக்கூட இல்லை.
கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்க்கிறார்.

பையன்கள் பிடுங்கி எறிந்து விளையாடியதில்
பொயானாவின் சிவப்புக் கையுறை
கம்பி தாண்டி, பீரங்கி தாண்டி, போய் விழுந்தது.
அவள் அழவில்லை.
“வலது கை” என்றாள், சாட்சி சொல்வதுபோல.

ஸ்னெஜானா செருப்பைக் கழற்றினாள்.
காலுறையையும்.
“இதற்கு அனுமதி கிடையாது” என்று
தனக்கே சொல்லிக்கொண்டு கம்பியைத் தாண்டினாள்.
சாய்ந்து கிடந்த துப்பாக்கியை மிதிக்காமல்,
கூடையைச் சுற்றிக்கொண்டு,
அடிக்கு அடி
பெரிதாகிக்கொண்டே போனாள்.
சாயத்தின் ஓரத்தில் குனிந்தபோது
ஒரு படைப்பிரிவே
அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது.
அவள் நிழல் விழுந்த பிறகுதான் தெரிந்தது,
வானத்தில் ஒரு சுருக்கம்.

யாரும் சுடவில்லை.

திரும்பி வந்தவளுக்கு
லாரிக்காரர் கை நீட்டினார்.
பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் இறங்கினாள்.
அவர் ஏதோ சொன்னார், அவளும் ஏதோ சொன்னாள்,
இரண்டு மொழியில்.
பொயானா கையுறையை முகர்ந்து பார்த்து
“மண் வாசனையே இல்லை” என்றாள்.

பனி விடாததால் பூட்டும்வரை இருந்தேன்.
நீளக் கழியில் துடைப்பத்தைக் கட்டி
போர்க்களத்திலிருந்து தன் தடங்களை
அவள் ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தாள்.
கடைசி ஒன்று எட்டவில்லை.
விட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்:
ஐந்து விரலும் தெரிய,
மதிலைப் பார்த்தபடி
ஒரு வெறுங்கால்.