கணியம்

பகலில் நித்திரவிளை லேபில் தட்டணு எண்ணுகிறேன்.
டெங்கு மாதங்களில் நாளுக்கு அறுபது ஸ்லைடு.
ஊதாவாகத் தெரிவதெல்லாம் தட்டணு இல்லை,
சாயத்தின் தூசியும் அப்படித்தான் இருக்கும்.
அந்தச் சந்தேகத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இரவு சின்னத்துறை வீட்டில்,
கொசுவலைக்குள் லேப்டாப்போடு,
வேறோர் எண்ணிக்கை.
ஹவாய்த் தீவின் மலைமேல் ஒரு தொலைநோக்கி
வானத்தின் ஒரே துண்டை நான்கு தடவை எடுக்கும்,
இருபது நிமிடத்துக்கு ஒன்றாக.
நாகர்கோவில் ரெஜின் சார் குழுவுக்குப் பிரித்து அனுப்புவார்.
நான்கையும் மாற்றி மாற்றி ஓட்டினால்
வெள்ளிகள் எல்லாம் அடித்த ஆணியாய் நிற்கும்.
நகர்வது எதுவோ
அதைப் பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி பத்தொன்பது, கரண்ட் போய் வந்த பிறகு,
சிம்மத்தில், மகம் தாண்டி,
ஒரு சாம்பல் பொட்டு நகர்ந்தது.
முதலில் தூசி என்றுதான் நினைத்தேன்.
தூசிக்கு நேர்கோடு தெரியாது.
நான்கு படத்திலும் ஒரே வேகம், ஒரே வெளிச்சம்,
கண்ணால் காணக்கூடியதைவிட
பத்து லட்சம் மடங்கு மங்கல்.

ஓர் இரவு போதாது என்றார் ரெஜின் சார்.
இரண்டாம் இரவும் யாராவது பார்த்தால்தான் கணக்கில் சேரும்.

எங்கள் கரையில் இதற்குக் கணியம் என்று பெயர்.
கோயில் கோபுரமும் பின்னால் மலையும் ஒரு கோடு.
தென்னந்தோப்பின் முனையும் கரும்பாறையும் இன்னொரு கோடு.
இரண்டும் வெட்டுகிற தண்ணீருக்குக் கீழே பார்,
பாரில் மீன்.
கரை மறைந்தால் கணியமும் மறையும்.
தங்கல் போகிறவர்களுக்கு ஜிபிஎஸ்தான்.

இரண்டாம் இரவு கிடைத்தது. மூன்றாவதும்.
ஏப்ரலில் ஒரு மின்னஞ்சல்:
ஆண்டு, இரண்டு எழுத்து, ஓர் எண்.
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள பட்டையில்
ஒரு கல்.
நமக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்போல
இரண்டரை மடங்குக்குச் சற்று மேலே அதன் பாதை;
வட்டத்தைக் கொஞ்சம் அமுக்கிய மாதிரி,
எட்டு பாகை சாய்ந்து.
ஒரு சுற்றுக்கு நான்கு வருஷமும் மூன்றரை மாதமும்.

"நம்ம மேல விழுமா பிள்ளே?" என்றாள்
மீன் கூடையோடு வந்த சிலுவம்மாள்.
இல்லை.
எவ்வளவு கிட்டே வந்தாலும்
பதினெட்டுக் கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் போகும்.
"அப்போ எதுக்கு அதைப் பாக்குற?"

பாதை தெரிந்தால் பின்னோக்கியும் ஓட்டலாம்.
பழைய படங்களில்
யாரும் கவனிக்காமல் எங்காவது விழுந்திருக்கும்.
ரெஜின் சார் தேடி எடுத்து அனுப்பினார்:
ரோகிணிக்குப் பக்கம்,
அதே சாம்பல் பொட்டு.
தேதியை அவர் கவனித்திருக்க மாட்டார்.
இரண்டாயிரத்துப் பதினேழு, நவம்பர் முப்பது.

அங்கே நள்ளிரவு, துடைத்த வானம்.
இங்கே மதியம் மூன்றரை.
ஓகி ஓட்டையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தது.
வயர்லெஸ் வைத்திருந்த வீட்டில்
முழங்கால் சேற்றோடு நின்றிருந்தேன்.
பெலார்மினும் ஒன்பது பேரும்.
காலையில் ஒரு தடவை இடம் சொன்னார்கள்,
அட்சம் இவ்வளவு, தீர்க்கம் இவ்வளவு.
பேனா கிடைக்காமல் காலண்டர் தாளில்
கண்மையால் எழுதினேன்.
அவ்வளவுதான்.

ஒரு புள்ளியின் வழியாக
எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும்.
ஹெலிகாப்டர்க்காரர்களிடம் அந்த ஒரு புள்ளியை
ஐந்து நாள் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கல் அன்றிலிருந்து என் திரைக்கு வர
ஒரு சுற்றும் கால் சுற்றும் ஓடியிருக்கிறது.
இனி அது தொலையாது.
அடுத்த ஜூன் எங்கே நிற்கும் என்று
விநாடி பிசகாமல் சொல்வேன்.

நிரந்தர எண் வர இன்னும் சில வருஷம் ஆகும்,
வந்தால் பெயர் கேட்பார்கள், யோசித்து வையுங்கள்,
பதினாறு எழுத்துக்குள், என்றார் சார்.
ரேஷன் கார்டில் அடிக்காமல் வைத்திருக்கும் பெயர்
அதற்குள் அடங்கும்.
கொடுக்க மாட்டேன்.
அதற்கு இடம் தெரியும். இவனுக்குத் தெரியாது.

நாளை லேபுக்கு ஏழு மணிக்குப் போக வேண்டும்.
இன்றைக்குப் புதுத் தொகுப்பு வந்திருக்கிறது,
நான்கு படம்.
ஓட்டுகிறேன்.