மிச்சம்

மொழிபெயர்ப்பாளர் தேவையா?
ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி.
மூன்று நாளாக அந்தப் படிவம்
குளிர்பெட்டிக்கு மேலே கிடந்தது.

தேவை என்று கீறினால்
நாங்களும் அதைத்தானே சொன்னோம் என்பார்கள்.
தேவையில்லை என்றால்
குறுக்கு விசாரணையில் ஒரு சொல் வழுக்கினாலும்
விழுவது நான்.

தென் லண்டனில் மிச்சம் என்று ஓர் ஊர்.
ஆங்கிலத்தில் அதற்கு என்ன பொருளோ,
தமிழில் எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரும்.
அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில்
பதினாலு வருடம் ஆய்வுகூட உதவியாளர்.
போன மாசியில் காசு போதவில்லை என்றார்கள்.
மூன்று பேரில் ஒருவர் மிகை.
மிச்சத்தில் நான் மிகை.

ஒரு தாளில் ஆளுக்கு ஆள் புள்ளி போட்டிருந்தது.
பாதுகாப்பு, ஐந்துக்கு ஐந்து.
லீவு எடுக்காமல் வந்ததற்கும் ஐந்து.
இருப்புக் கணக்கு நாலரை
(அரை எங்கே போனதென்று நான் கேட்கவில்லை).
தொடர்பாடல், இரண்டு.

உச்சரிப்பு சிலருக்கு விளங்குவதில்லையாம்.
அதிபர் ஆஷ்டனின் வாக்குமூலம், பந்தி பத்தொன்பது.
அந்தச் சிலர் யாரென்று
நானூற்றுப் பன்னிரண்டு பக்க வழக்குக் கட்டில்
இரவிரவாகத் தேடினேன்.
அகப்பட்டது வேறு.
இருநூற்று எண்பத்தேழாம் பக்கம்,
பௌதிகம் படிப்பிக்கிற ரோவெனா
என்றோ அனுப்பிய ஒரு வரி:
நன்றி கோகிலா, வழமைபோலத் தெளிவு.

மற்ற இரண்டு பேரிலும் எனக்குக் கோபமில்லை.
லின்ஸி பிறந்தநாளுக்கு கேக் சுட்டுத் தருவாள்.
முகவையை மட்டும் ஒழுங்காகக் கழுவமாட்டாள்.
அது வழக்குக்குத் தேவையில்லை என்றார் யூனியன்காரர்.

'இல்லை'யைத்தான் கீறினேன்.

குரோய்டனில் லிஃப்ட் ஏறிப் போகிற அறை.
நடுவில் நீதிபதி அம்மா, இரண்டு பக்கமும் இருவர்.
பள்ளிக்கூடத்தின் பாரிஸ்டருக்கு
என் மூத்தவனின் வயதுதான் இருக்கும்.
ஒவ்வொரு கேள்வியையும்
துண்டு துண்டாக நறுக்கி
குழந்தைக்குத் தீத்துவதுபோல் வைத்தான்.
நானும் ஆறுதலாக மென்று விழுங்கினேன்.

பிறகு நீதிபதி அம்மா கேட்டார்,
உங்கள் வேலை என்னவென்று
நீங்களே சொல்லுங்கள்.

சொன்னேன்.
தண்ணீருக்குள்தான் அமிலம் ஊற்ற வேண்டும்,
அமிலத்துக்குள் தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும்.
எல்லாப் போத்தலிலும் என்னுடைய கையெழுத்து.
நான்காம் மேசையில் காஸ் குழாய் ஒழுகும்,
அதில் ஒட்டியிருக்கும் சீட்டும் நான் எழுதியது.
பதினாலு வருடம்.
எழுதினது விளங்காமலா
ஒரு பிள்ளையும் வேகாமல் வீட்டுக்குப் போனது?

கடைசி வசனம்
தமிழில் வந்துவிட்டது.

அறை அப்படியே நின்றது.
சுவரோரம் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது,
மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தால்
அதில்தான் இருந்திருப்பார்.
இன்னொருக்கால் சொல்ல முடியுமா என்றார் நீதிபதி அம்மா.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
கொஞ்சம் சின்னதாக வந்தது.
பாரிஸ்டர் எதையோ குறித்துக்கொண்டான்.
அவரும் குறித்துக்கொண்டார்.
ஒரே வசனம், இரண்டு கொப்பி.

தீர்ப்பு தபாலில் வரும். ஆறு கிழமை, கூடவும் ஆகலாம்.

டிராமில் ஒரு பெண் குரல்
அடுத்த தரிப்பு மிச்சம் என்றது.
மெஷின்தான். நல்ல தெளிவு.
ஐந்துக்கு ஐந்தே போடலாம்.

டிக்கெட் தேடிக் கைப்பைக்குள் துழாவினால்
போத்தலில் எழுதுகிற கறுப்பு மார்க்கர்.
பள்ளிக்கூடத்துச் சொத்து.
கடைசி நாள் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.
அதைப்பற்றி அவர்களின் கட்டில்
ஒரு வரி கிடையாது.