திங்கள்கிழமைக்கான கார்

ஆயிரத்து நானூறு பவுண்ட்.
ஸ்டெயின்டன் ஒருமுறைதான் சொன்னான்.
பேரம் பேசுவேன் என்று காத்திருந்தான்,
நான் பேசவில்லை.
வெளுத்த இடம், கீறல் விழுந்த இடம்
எல்லாவற்றையும் மழை மூடியிருந்தது.
புதிது போல் சிவந்து நின்றது அது.
பழைய கார் பார்க்க
மழைநாளில் போகக் கூடாதாம்.
பிறகு சொன்னார்கள்.

தொண்ணூற்றொன்றில் ஜப்பானில் செய்தது.
இரண்டே இருக்கை.
விளக்குகள் இமைக்குள் உறங்கும்,
பொத்தானை அழுத்தினால் எழும்.
இடது கண் உடனே எழும்.
வலது கண் யோசிக்கும்.

கிரிம்ஸ்பி மீன்சந்தையில்
காலை நாலரைக்கு எனக்கு வேலை.
இருபத்தாறு வருடமாக நான் ஓட்டியதெல்லாம்
பெட்டி பெட்டியான வண்டிகள்:
பிள்ளைகளுக்காக ஒன்று,
நாய்க்காக ஒன்று,
கீத்தின் ஏணிக்காக ஒன்று.
பிள்ளைகள் போனார்கள். நாயும் போயிற்று.
கீத், ஏணியோடு போனான்.

"ஞாயிற்றுக்கிழமை சுற்றவா?" என்றாள் மோரீன்.
"திங்கள்கிழமைக்கு" என்றேன்.
திங்கள், செவ்வாய், புதன்,
உறைபனி, உப்புக் காற்று,
பின்பெட்டியில் ரப்பர் பூட்ஸ்,
பக்கத்து இருக்கையில்
பெல்ட் மாட்டிய ஒரு பை ஹாடக் மீன்.

சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
முதல் மாதம் ரேடியேட்டர்.
அடுத்து, கட்டைவிரல் அளவு சிலிண்டர் ஒன்று,
கழற்றி மாட்டிய கூலியோடு ஒரு வாரச் சம்பளம்.
கதவுக்குக் கீழே உப்பு தின்ற இடத்தை
மெக்கானிக் க்ளைவ்
ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தட்டினான்.
ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது.
இழவு வீட்டில் நிற்பதுபோல
இருவரும் அதைப் பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றோம்.

கூரைத் துணி ஒழுகும்.
ஒரே இடத்தில்தான், என் வலது தோளில்.
அங்கே ஒரு ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்வேன்.
லாரிச் சக்கரங்கள் காதருகே உருளும்.
வேகத்தடை ஒவ்வொன்றும்
முதுகெலும்பில் ஏறி இறங்கும்.
ஆனால் நாலு பத்துக்குத் துறைமுக ரவுண்டானா காலி.
இரண்டாவது கியரில், வளைவில், அது
சொன்னதற்கு ஒரு நொடி முன்பே திரும்பும்.
யாரும் பார்க்கவில்லையென்றால் இன்னொரு சுற்று.
முப்பது மைலில் போனாலும்
அறுபது போலிருக்கும்.
என் வருமானத்துக்கு அந்த வேகம் போதும்.

நவம்பரில் முதல் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
எதிர் மேசையில் முள் எடுக்கிற போகுமில்
இருட்டில் நாலு மைல் நடந்து வந்தான்.
ஒருநாள் நிறுத்தினேன்.
ஆறடி ஐந்தங்குலம்.
மடக்குக் கத்தியைப் போல மடங்கி உட்கார்ந்தான்,
முழங்கால் முகவாயைத் தொட.
தலை கூரையைக்
கூடாரக் கம்பு போலத் தூக்கி நின்றது.
தைத்த இடம் பிரியும் சத்தம் கேட்டது.
ஒன்றும் பேசாமல்
இரண்டு கொக்கிகளை விடுவித்தேன்.

அன்றிலிருந்து திறந்த கூரைதான்.
டிசம்பரிலும்.
ஹீட்டர் முழு மூச்சில், மடியில் ஏப்ரன்.
காலுக்கு ஆகஸ்ட், தலைக்கு ஜனவரி.
ஆலங்கட்டி விழுந்த ஒரு விடியலில்
போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார்.
"கூரை கெட்டுப்போச்சா அம்மா?"
"இல்லைங்க. ஆள் நீளம்."
டார்ச்சை மேலே, இன்னும் மேலே உயர்த்தி
போகுமிலின் முகத்தைக் கண்டுபிடித்தார்.
போகச் சொன்னார்.

அதிகம் பேசமாட்டான்.
வலது கண் எழாத காலைகளில்
இறங்கிப் போய், பானெட்டுக்குள் கைவிட்டு,
ஒரு குமிழைத் திருகித் திருகி
இமையைத் திறந்துவிட்டு வருவான்.
அப்படி ஒரு குமிழ் இருப்பதே
எனக்குத் தெரியாது.

மார்ச்சில் வருடாந்திரச் சோதனை.
தேறாது என்கிறான் க்ளைவ்,
அந்தத் துரு இப்போது சக்கரம்வரை போய்விட்டதாம்.
ஒட்டுப்போட எண்ணூறு கேட்கிறான்.
கணக்குப் போடவில்லை இன்னும்.

நேற்று போகுமில் காது மூடும் குல்லா வாங்கி வந்தான்.
இரண்டு.
என்னுடையதில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்திருக்கிறான்.
நாற்பது மைலைத் தாண்டினால்
அது கன்னத்தில்
படபடவென்று அடிக்கிறது.