பிழைத்திருத்தல் பத்திரம்

இராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை வட்டம், தொண்டி,
வத்தைகள் கரையேறும் கடைசித் தெருவில் குடியிருக்கும்
காலஞ்சென்ற சவரிமுத்து மகள் செபமாலை,
வயது அறுபத்து மூன்று

இதற்கு மேல் கை ஓடவில்லை.
முப்பத்தோராண்டு இப்படித்தான் தொடங்கினேன்,
யார் யாருக்கோ.
அடுத்த வார்த்தை 'நான்' என்று வரும்.
நம்புதாளைத் தென்னந்தோப்பை விற்பவர் அந்த நான்.
பாசிப்பட்டினத்து மனைக்கு முன்பணம் வாங்கியவர்.
கைநாட்டு வைக்கும்போது
மையை முந்தானையில் துடைக்கலாமா என்று கேட்ட ஒருத்தி.
'எனது சுயசம்பாத்தியம்' என்று அடித்துவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்தால்
நேற்றைய காரல் குழம்பு.

கிழக்கெல்லையில் கடல் என்று வரும்போது மட்டும்
விரல் கொஞ்சம் நிற்கும்.
கச்சானில் ஓரிடம், வாடையில் ஓரிடம்,
எந்தக் கல் நட்டு இதை அளப்பது?
கபூர் காக்கா கண்ணாடியைத் தூக்காமலே சொல்வார்:
"அடிம்மா. கடல் வந்து ஆட்சேபிக்காது."

அவர் மவுத்தான பிறகு
மகன் அங்கே செல்போன் கடை வைத்தான்.
மீந்த பச்சைத் தாள் கட்டை என்னிடம் தந்து
"பேரப்பிள்ளைகள் கிறுக்கட்டும்" என்றான்.
எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.
கரண்ட் போன ஒரு ராத்திரி
நான் கிறுக்கினேன்.

அந்த 'நான்' ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை
என்று முதல் பக்கத்தில் எழுதினேன்.
பொய்.
ஒரு தடவை இருந்தது.
காரங்காட்டில் அப்பா வீடு,
தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரம்.
நானே அடித்தேன், கூலி வாங்கவில்லை.
முழு மனதுடனும் சுய நினைவுடனும்
எவருடைய வற்புறுத்தலும் இன்றி.
ஓர் எழுத்துப் பிழை இல்லை.
சார்பதிவாளர்கூடச் சொன்னார், சுத்தமான வேலை என்று.

அன்று சாயங்காலம் கணவாய் ஆக்கினேன்.
இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.
ருசி பார்த்து, கொட்டிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்தேன்.
இருபத்தாறு வருஷமாக அது ஞாபகத்தில் இல்லை.
பேனா அந்த இடத்துக்கு வந்தபோதுதான்
நாக்கில் கரித்தது.

ஆகவே,
மேற்படி பத்திரம் மூன்றாம் பக்கம் ஒன்பதாம் வரியில்
'முழு மனதுடன்' என்று தவறுதலாகக் கண்டிருப்பதை
'அரை மனதுடன்' என்று
இல்லை. அடித்தேன்.
'கால்' என்று போட்டேன். அதையும் அடித்தேன்.
கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்
எவ்வளவு மனம் என்று.
நானும்தான் கேட்கவில்லை.

வீடு வேண்டாம். தம்பி ஓடு மாற்றியிருக்கிறான்,
கொல்லையில் அலையாத்திச் சேற்றின் வாடை
இன்னும் அப்படியே வருகிறதாம், வரட்டும்.
எனக்கு அந்த ஒரு வரி போதும்.

நண்டுக் கம்பெனியிலிருந்து வரும் நூர்ஜமீலா
விரல் வெட்டுகளில் மஞ்சள் அப்பியபடி
வாசலில் நின்று கேட்கிறாள்,
"இன்னுமா பத்திரம் எழுதுற, யாருக்கு?"
சொல்லத் தெரியவில்லை.
"காசு தருவாங்களா?"
"ம்ஹூம்."
"அப்போ உனக்குத்தான்," என்று சொல்லிவிட்டு
குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்,
குழாயில் தண்ணி நிற்கப்போகிறது.

வில்லங்கம் ஏதுமில்லை என்று
பழக்கத்தில் எழுதிவிட்டேன்.
அடித்து, 'உண்டு' என்று போட்டு
பக்கத்திலேயே சுருக்கொப்பம் வைத்தேன்.
முதல் வில்லங்கம் எழுதவே நாலு பக்கம் ஆகிறது,
பத்தொன்பது வயதில் முள்ளிமுனைத் திருவிழாவில்
ஒருவரிடம் சொல்லாமல் வந்த பதில்.

சாட்சிகள் இடம் காலியாக இருக்கிறது.
அடித்தல் இருபத்திரண்டு, திருத்தல் எண்ணவில்லை.
கிழக்கெல்லை: கடல்.
வந்து ஆட்சேபிக்கட்டும்,
நான் வீட்டில்தான் இருக்கிறேன்.